உன் மஞ்சள் காரை நான் எடுத்துப்போன மதியம்

தம்பி,

பெற்ற மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் தம்பி என்றே கூப்பிட்டு முப்பத்திரண்டு வருடங்கள் ஓடிவிட்டன. இப்போதும் அப்படியே தொடங்குகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். இந்த வாரத்தில் மூன்று தடவை உன்னிடம் நேரில் சொல்ல வந்தேன். மூன்று தடவையும் விமானத்தில் எத்தனை கிலோ சாமான் விடுவார்கள், ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இப்போது குளிரா என்று எதையோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எழுதினால் நடுவில் உன் முகத்தைப் பார்த்து நிறுத்த வேண்டியிருக்காது. கடைசி வரை படித்துவிடு. பாதியில் எழுந்து என்னிடம் வராதே.

போன ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருந்தபோது நீ கார் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "அப்பா, நான் பெர்த்துல இருக்கிற ரெண்டு வருஷமும் வாரத்துக்கு ரெண்டு நாளாச்சும் வண்டிய எடுத்து ஓட்டுங்க. சும்மா நின்னா கெட்டுப் போயிரும் லா. உங்களத் தவிர வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றாய். உன் மனைவி சிரித்துக்கொண்டே, "எனக்கே இன்னும் குடுத்ததில்ல மாமா" என்றாள். அம்மா பெருமையாக என்னைப் பார்த்தாள். நான் பாதித் தோசையோடு எழுந்துவிட்டேன். அந்தச் சாவியை நான் ஏற்கனவே ஒரு தடவை எடுத்திருக்கிறேன், தம்பி. உன்னைக் கேட்காமல்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அது பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய வண்டி, ரெண்டே இருக்கை, பஸ் இஞ்சினைவிடச் சத்தம். ஈப்போ குனோங் ராபாட்டில் வரிசை வீட்டில் குடியிருப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். வாங்கியதுதான் வாங்கினாய், வாரக்கடைசியில் துடைத்து ஓட்டிவிட்டு மூடி வைக்கக் கூடாதா, தினமும் வேலைக்கு எடுத்துப்போக வேண்டுமா என்றும் கேட்டேன். "ஓட்டத்தான் வாங்குனேன்பா, கும்பிடுறதுக்கு இல்ல" என்றாய். சொன்னபடியே செய்தாய். சிம்பாங் பூலாய் சுண்ணாம்புக்கல் ஆலைக்குக் கல் லாரிகளுக்கு நடுவில் தினமும் அதில்தான் போனாய். நம் தாமான் குடியிருப்புக்குள் ஒவ்வொரு வேகத்தடை மேட்டையும் அடி தட்டாமல் கோணலாக ஏறி இறங்கினாய். அம்மாவை பசாருக்குக் கூட்டிப்போனால் திரும்பும்போது காய்கறிப் பை முழுக்க அவள் மடியில் இருக்கும். முருங்கைக்காய் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழை வந்தால் நீ வீட்டுக்கு வர இருபது நிமிடம் தாமதமாகும். ஏன் என்று கேட்டதற்கு, இந்த டயர் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது, காலை மெதுவாகத்தான் வைக்க வேண்டும் என்றாய். நான் கேலி செய்தேன். "இம்மாம் பெரிய இஞ்சின வாங்கி ஆமை மாதிரி ஓட்டுறியேடா." உனக்கு ஞாபகம் இருக்கும்.

உண்மையில் எனக்கு அந்தக் கார் பிடித்திருந்தது. அதுதான் சிக்கல். முப்பது வருடத்துக்கு மேல் பேக்டரி பஸ் ஓட்டினேன். தோட்டம் தோட்டமாகப் போய் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி, ஈப்போவில் இறக்கி, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். ஒரு விபத்து கிடையாது. அந்தப் பெருமை எனக்குள் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தது என்று நானே அறியவில்லை. உனக்கு அந்த வண்டியை ஓட்டத் தெரியவில்லை, என் கையில் கிடைத்தால் தெரியும் என்று தினமும் போர்ச்சில் உட்கார்ந்து நினைத்தவன் நான்.

போன வருடம் நீ மூன்று நாள் பயிற்சிக்கு ரயிலில் கோலாலம்பூர் போனாயே, அப்போது நடந்தது. அம்மா உன் அக்காவின் பிரசவத்துக்காகத் தைப்பிங்கில் இருந்தாள். என் கார் கியர்பாக்ஸ் கழற்றி ஒரு பட்டறையில் கிடந்தது. உன் காரைச் சக்கர அலைன்மெண்ட் பார்க்க ஜெகனின் டயர் கடையில் விட்டுவிட்டுப் போயிருந்தாய். நீ கிளம்பிய அன்று சாயங்காலமே ஜெகன் வண்டியைக் கொண்டுவந்து போர்ச்சில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "அங்கிள், தம்பி வந்தா சொல்லிருங்க, எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிப் போனான். முதலாம் வகுப்பிலிருந்து உன் கூட்டாளி. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை ஆயர் தாவாரிலிருந்து உன் அத்தை போன் செய்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், எழுந்து நிற்க முடியவில்லை, தனியாக இருக்கிறேன் அண்ணே என்று அழுதாள். பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடச் சொல்லியிருக்கலாம். தேக்சி பிடித்திருக்கலாம். நான் ஆணியைப் பார்த்தேன். அவசரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாவியை எடுத்தேன். போகும்போது நன்றாகத்தான் ஓட்டினேன். கிளட்ச் கல் மாதிரி இருந்தது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அத்தைக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை, இடுப்பில் பிடிப்பு. மருந்து வாங்கிக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அங்கேயே என் அவசரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்த எதற்கும் காரணம் இல்லை.

திரும்பும்போது மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. பெரிய ரோட்டில் நேராக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் பஸ் ஓட்டிய பழைய ரப்பர் தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பினேன். இப்போது அங்கே முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ரோடு காலியாக, நீளமாக, ஈரத்தில் மின்னிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு வளைவும் எனக்குப் பாடம். இரண்டாவது கியரில் போட்டு மிதித்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முதுகில் யாரோ உதைத்தது போல வண்டி பாய்ந்தது. நான் சிரித்தேன், தம்பி. அறுபத்தாறு வயதில் தனியாக ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். வேகம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. அடுத்த வளைவில் டிராக்டர் இழுத்துப்போட்ட செம்மண் ரோட்டின் மேல் கிடந்தது. பஸ்ஸில் என்ன செய்வேனோ அதையே செய்தேன்: காலை எடுத்து பிரேக்கை அழுத்தினேன். வண்டியின் பின்பக்கம் கழன்று போன மாதிரி முன்னால் வந்தது.

எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவரின் பின்னால் ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் பைகள். என் கண்ணாடி வழியாக அவர்களை ஒரு தடவை பார்த்தேன், பிறகு மரங்கள், பிறகு மறுபடியும் அவர்கள். அவர் புல்லுக்குள் திருப்பினார். நான் சுழன்று போய், பின்சக்கரம் கால்வாய்ச் சிமெண்டில் இடித்து நின்றேன். இஞ்சின் அணைந்துவிட்டது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. எத்தனை வினாடி என்று தெரியாது. அந்த வினாடிகளில் நான் அவர்களை நினைக்கவில்லை. உன்னிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன்.

இறங்கி ஓடினேன். வண்டி என்னவோ அவர்களைத் தொடவில்லை. ஆனால் மோட்டார் சாய்ந்து, அந்தப் பெண் கையை ஊன்றி விழுந்திருந்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் கணவர் என் சட்டையைப் பிடித்தார். "என்னா அங்கிள் இது? ரோடு உங்க ஒருத்தருக்கா?" நான் மன்னிப்புக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் உன் காரைப் பார்த்தார். ரெண்டு இருக்கை. ஒருத்தியைத்தான் ஏற்ற முடியும். ஹேண்டில் வளைந்த மோட்டாரோடு அவர் அங்கேயே நிற்க வேண்டும். தன் மனைவியைக் கொல்லப் பார்த்தவனிடமே அவளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அவர்தான் அவளைத் தாங்கி, குனிந்து, அந்தத் தாழ்ந்த இருக்கையில் உட்கார வைத்தார். கதவை மூடிவிட்டு என் பக்கம் வந்தார். "மெதுவா போங்க, அங்கிள். மெதுவா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கெஞ்சினார்.

அவள் பெயர் சாந்தி. ஆஸ்பத்திரி முகப்பில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். சாந்தி என்னைப் பார்த்தாள், பிறகு, "மோட்டாரு வழுக்கிருச்சு" என்றாள். உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது மெதுவாகச் சொன்னாள். "அவருக்கு லைசென்ஸ் இல்ல அங்கிள். போலீசுன்னு போனா அவர புடிச்சுக்குவாங்க." எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். விபத்து நடந்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்று புது டிரைவர்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியவன் நான். அவளுடைய பயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாவுக்கட்டு போட்டார்கள். அவள் கணவர் யாருடைய லாரியிலோ வந்து சேர்ந்தார். "நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, பெயரோ போன் நம்பரோ கொடுக்காமல் கிளம்பினேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். மறுநாள் நான் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து காரைக் கழுவினேன். இடது பின்பக்க ரிம் நசுங்கியிருந்தது, பக்கத்தில் கீறல். அதைக் கழுவ முடியாது. நீ வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாய். "அப்பா, வண்டிய யாராச்சும் எடுத்தாங்களா?" என்று கேட்டாய். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை நீ. "இல்லியே" என்றேன். ஒரே ஒரு சொல். அதை அப்போதே திரும்ப எடுத்திருக்கலாம். அத்தை போனில் சொல்லியிருப்பாள் போல, அவளைப் பார்க்கப் போனது பற்றிக் கேட்டாய். பஸ்ஸில் போனேன் என்றேன். நீ எதையும் கவனமாகச் செய்கிறவன். ஜெகன் கடையில் விடும்போதே மீட்டரைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாய். இப்போது அதில் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கூடியிருந்தது. நீ நிமிர்ந்தபோது உன் முகம் மாறியிருந்தது. "ஜெகன்" என்றாய். பிறகு, "அப்பா, நீங்களும் வாங்க. அவன் கொண்டாந்து விட்டப்ப நீங்கதான இருந்தீங்க" என்றாய்.

நான் வந்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. ரிம்மை இடித்தவன் கிழவன், வயதில் புத்தி கெட்டவன் என்று விட்டுவிடலாம். ஆனால் அன்று உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவனை என்னவென்று சொல்வது? கடையில் நாலைந்து பேர் டயர் மாற்றக் காத்திருந்தார்கள். நீ இறங்கிப் போய் அவர்கள் முன்னால் கத்தினாய். "சாவிய நம்பிக் குடுத்தா ஜாலியா ஓட்டிப் பாப்பியா?" ஜெகன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நான் நேரா உன் வீட்டுக்குத்தான் கொண்டாந்தேன் மச்சான்" என்றான். "அப்ப யாரு எடுத்தா? எங்கப்பாவா எடுத்தாரு?" என்று கேட்டாய். ஜெகன் கார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன். கதவைத் திறந்து இறங்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவு தாழ்வான இருக்கை, இறங்க நேரமாகும் என்று ஒரு காரணம்கூட மனதுக்குள் வந்தது. அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று உள்ளே போய்விட்டான். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீ எடுத்துக்கொண்டாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்த உன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியவன் அவன். பெரியப்பா மகனை நிறுத்தினோம். நீ மேடையில் அடிக்கடி வாசலைப் பார்த்தாய். கூட்டத்தைப் பார்க்கிறாய் என்று அம்மா நினைத்தாள். ஜெகன் வந்திருந்தான், தம்பி. மண்டபத்துக்கு வெளியே தன் வேனுக்குள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விருந்தாளிகளை வழியனுப்ப வெளியே வந்த நான் பார்த்தேன். பத்தடி தூரம். போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்திருக்கலாம். திரும்பி உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது வேன் இல்லை.

இதையெல்லாம் சாகும்வரை வயிற்றுக்குள்ளேயே வைத்திருப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீ சாவியைக் கொடுத்தாய். உங்களைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றாய். அதற்குப் பிறகு தூங்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெகன் கடைக்குப் போனேன். அவன் ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையை நிறுத்தவில்லை. "தெரியும் அங்கிள்" என்றான். எப்படி என்று கேட்டேன். "அன்னிக்கு வண்டி கடை முன்னால நின்னப்பவே பாத்தேன். ரிம்முக்கு உள்பக்கம் செம்மண்ணு இருந்துச்சு. டயர்ல செம்பனை நாரு. நீங்க வெளியதான் கழுவுனீங்க. அப்புறம் நீங்க தலையவே தூக்கல." அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க சொல்லல. அவன் என்னைப் பாத்து அப்படிக் கேட்டப்புறம் நான் உங்களக் காட்டிக் குடுத்து என்னா ஆவப்போவுது? இருபத்தஞ்சு வருசக் கூட்டாளி. ஒரு வார்த்த நம்பல." தப்பு முழுக்க என்னுடையது என்றேன். "ஆமா, தப்பு உங்களோடதுதான். ஆனா வாயத் தொறந்தது அவன்" என்றான். எனக்கு உட்கார நாற்காலி போடவில்லை. போட்டிருந்தால்தான் கஷ்டமாக இருந்திருக்கும்.

மறுநாள் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சாந்தியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கை கோணலாகக் கூடியிருக்கிறது. செம்பனை உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை தூக்கும் வேலை இனி முடியாது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருக்கிறாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். "நீங்க வருவீங்கன்னு அவருகிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன் அங்கிள். ரெண்டு மாசம் சொன்னேன். அப்புறம் விட்டுட்டேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அவள் கணவர் வேலை முடிந்து வந்தார். போலீசுக்குப் போய் நடந்ததைச் சொல்லத் தயார், இந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன் என்றேன். அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. "அந்தக் காரு யாருது?" என்று கேட்டார். என் மகனுடையது என்றேன். "அவருக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்ப மொதல்ல அவருகிட்ட சொல்லிட்டு வாங்க. வீட்டுல மறைச்சு வச்சுக்கிட்டு எங்ககிட்ட வந்து நல்லவரா இருக்காதீங்க" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை நான் மறுபடியும் அங்கே போகிறேன். போலீசில் சொல்வதா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் முடிவு செய்யட்டும். சாந்தியின் கணவருக்கு இப்போது லைசென்ஸ் இருக்கிறதாம். அவர்கள் போகலாம் என்றால் நான் முன்னால் நிற்பேன். உன் கார் நம்பரும் அதில் வரும், நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் உனக்கு இந்தத் தொல்லை வரும். அதற்கும் நான்தான் பொறுப்பு. வண்டியை விற்பதோ, மூடி வைப்பதோ, வேறு யாரிடமாவது கொடுப்பதோ உன் விருப்பம். நான் ஓட்ட மாட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன், ஆனாலும் அப்பன் இல்லையா, இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ ஆமை மாதிரி ஓட்டினாயே, அதுதான் ஓட்டுவது. அந்த இஞ்சினைத் தினமும் கையில் வைத்துக்கொண்டு, தினமும் அடக்கி, நாலு வருடம் ஒரு பூச்சியைக்கூட நசுக்காமல் வீடு வந்து சேர்ந்தாய். ஒரே ஒரு மதியம் கையில் கிடைத்த எனக்கு அது முடியவில்லை. இன்னொன்று. மீட்டரில் இருந்த எண் பொய் சொல்லவில்லை. ஆனால் நீ எண்ணை மட்டும் பார்த்தாய். முதலாம் வகுப்பிலிருந்து உனக்குத் தெரிந்த ஆளைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கவிடாமல் செய்தவன் நான். இருந்தாலும் அவனிடம் நீ கேட்க வேண்டிய மன்னிப்பை உனக்காக நான் கேட்க முடியாது.

என்னை உடனே மன்னித்துவிடாதே. அம்மா சமாதானம் செய்ய வருவாள், நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன், இன்னும் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் உன்னிடம்தான் வருவாள். அவளுக்காகவும் மன்னிக்காதே. பெர்த்துக்குப் போன பிறகு கோபமாகப் போன் செய்தாலும் எடுப்பேன். செய்யாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ஜெகனிடம் நீ வருவாய் என்று சொல்லியிருக்கிறேன். "வரட்டும் அங்கிள். வந்தா பாப்போம்" என்றான். இன்று சனிக்கிழமை, அவன் கடையை ஆறு மணிக்கு மூடுகிறான். இதை உன் மேசையில் வைக்கும்போது மணி மூன்று.

அப்பா